ஞாயிற்றுக்கிழமை கேட்டவர்கள்

2015-இல் ஐ.நா. சபை 17 பெரும் இலக்குகளை அறிவித்தது. அவற்றின் கீழே 169 சிறு இலக்குகள். 2030-க்குள் வறுமை ஒழியணும், பசி ஒழியணும், எல்லாருக்கும் கண்ணியமான வேலை வேணும். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் பக்கத்தில் 1908-இல் போடப்பட்ட, மூன்றே வரியில் முடிகிற ஒரு பட்டியல்தான் ஞாபகம் வருகிறது.

தூத்துக்குடி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. ஹார்வி கம்பெனியின் கோரல் மில் தொழிலாளர்கள் கேட்டவை இவைதான்: கூலியைக் கூட்டு, வேலை நேரத்தைக் குறை, ஞாயிற்றுக்கிழமை லீவு விடு. பிப்ரவரி 23-இல் வ.உ.சி. அவர்களுக்காகப் பேசினார், 27-இல் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஊரும் கூட நின்றது. வேலைநிறுத்தத்தைப் பழித்த ஒரு வக்கீலுக்குப் பாதிச் சவரத்தோடு நாவிதர் எழுந்து போய்விட்டார் என்றொரு கதை உண்டு. ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், வார விடுமுறை அப்போது புதுசே இல்லை. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே போராடி 1890-இலேயே மில்களில் ஞாயிறு விடுமுறையை வாங்கியிருந்தார். மறுவருஷம் தொழிற்சாலைச் சட்டத்திலும் அது ஏறிவிட்டது. காகிதத்தில் இருந்த அந்த ஞாயிறு தூத்துக்குடிக்கு வந்துசேர 17 வருஷமும் ஒரு வேலைநிறுத்தமும் ஆயின.

வ.உ.சி.யின் பெரிய இலக்கு சுயராஜ்யம். அதற்கு அவரால் தேதி குறிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைக்குக் குறிக்க முடியும். அடுத்த ஞாயிறு மில் ஓடுதா, மூடிக்கிடக்கா? போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும், அறிக்கையெல்லாம் வேண்டாம். என் கணிப்பில், சுதந்திரம் என்ற சொல் அந்த மில்காரர்களின் வீட்டுக்குள் நுழைந்ததே இந்த வழியாகத்தான். அரசாங்கத்துக்கும் இது புரிந்திருக்க வேண்டும். மார்ச் 12-இல் அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்து, 1912 டிசம்பரில்தான் வெளியே வந்தார்.

1921-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஜெனீவாவில் ஒரு உடன்படிக்கை போட்டது: தொழிற்சாலைத் தொழிலாளிக்கு ஏழு நாளுக்கு ஒருமுறை தொடர்ந்து 24 மணி நேரம் ஓய்வு. கோரல் மில்காரர்களின் மூன்றாவது வரி உலக விதியாகிவிட்டது. இந்தியா 1923-இல் அதை ஏற்றது.

ஐ.நா. பட்டியலில் எட்டாம் இலக்கின் எட்டாவது பிரிவு ‘எல்லாத் தொழிலாளர்களின்’ உரிமையையும் பேசுகிறது. அந்த ‘எல்லா’வில் தாமிரபரணிக் கரையில், முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும், சுளகை மடியில் வைத்து பீடி சுற்றும் பெண்களும் உண்டுதானே. பீடித் தொழிலாளர் சட்டம் 1966-இலேயே வந்துவிட்டது. ஆனால் வீட்டில் சுற்றுகிறவர்களுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. சுற்றாத நாளுக்குக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா என்று ஒரு பெரியம்மையிடம் கேட்டேன்.

“அன்னைக்குத்தாம்ல பிள்ளைய வீட்ல கெடக்கும். நூல் கட்டித் தந்தா, கூட ரெண்டு கட்டு போடலாம்.”