கரடி பாய்ந்து வந்தால் துப்பாக்கி காப்பாற்றுமா? அலாஸ்காவில் எதை எடுத்துச் செல்ல வேண்டும்?

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் பழுப்புக் கரடி, கருங்கரடி, பனிக்கரடி மூன்றுமே உண்டு. அங்கே மீன்பிடிக்கவும் மலையேறவும் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி: "கையில எந்த துப்பாக்கி வச்சுக்கணும்?"

சாதாரண துப்பாக்கி ஏன் போதாது?

பழுப்புக் கரடி மணிக்கு சுமார் 55 கி.மீ வேகத்தில் ஓடும். 30 மீட்டர் தூரத்தைக் கடக்க அதற்கு 2 நொடிதான் ஆகும். அதற்குள் துப்பாக்கியை எடுத்து, குறிபார்த்து, சுட வேண்டும். அந்த தோட்டா தடித்த தோல், கொழுப்பு, தசை, எலும்பு எல்லாவற்றையும் துளைத்து உள்ளே போகணும்.

எந்த துப்பாக்கி, எந்த தோட்டா?

* ஷாட்கன்: பலர் நம்புவது 12 கேஜ். ஆனால் சிதறிப் பாயும் சிறு குண்டுகள் வேண்டாம். 'ஸ்லக்' எனப்படும் ஒற்றைக் குண்டுதான் சரி.
* ரைஃபிள்: 30-06 அல்லது 375 போன்ற பெரிய ரகம், கனமான தோட்டாவுடன்.
* கைத்துப்பாக்கி: 44 மேக்னம் அல்லது 10 எம்எம். பட்டதும் விரியும் 'ஹாலோ பாயிண்ட்' தோட்டா ஆழமாகப் போகாது. கடினமான ஈயத்தில் வார்த்த தோட்டாதான் ஆழமாகத் துளைக்கும்.

ஆய்வு என்ன சொல்கிறது?

அலாஸ்காவில் 1883 முதல் 2009 வரை நடந்த 269 சம்பவங்களை ஆராய்ந்த முடிவு 2012-ல் வெளியானது. கரடியைத் தடுப்பதில் கைத்துப்பாக்கி 84%, ரைஃபிள், ஷாட்கன் போன்ற நீளத் துப்பாக்கிகள் 76% வெற்றி பெற்றன. ஆனால், சுட்டவர்களுக்கும், துப்பாக்கி இருந்தும் சுடாதவர்களுக்கும் காயமடைவதில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. சுட நேரம் கிடைக்காததுதான் பலருக்கும் பிரச்னை.

ஸ்ப்ரே எப்படி?

மிளகாயின் காரச்சத்து கொண்ட 'பேர் ஸ்ப்ரே' பற்றிய ஆய்வு 2008-ல் வந்தது. பழுப்புக் கரடிகளை 92% முறை அது தடுத்தது. அருகில் வந்த கரடி மீது ஸ்ப்ரே அடித்தவர்களில் 98% பேருக்கு காயமே இல்லை. இரண்டு ஆய்வுகளின் சம்பவங்களும் ஒரே மாதிரியானவை அல்ல என்பதால் நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனாலும் துல்லியமாக குறிபார்க்கத் தேவையில்லை என்பது ஸ்ப்ரேயின் பெரிய பலம். விமானத்தில் கொண்டுபோக அனுமதி இல்லை, போன இடத்தில்தான் வாங்கணும்.

சுட்டால் என்ன ஆகும்?

அலாஸ்காவில் உயிரைக் காக்க கரடியைச் சுடலாம். ஆனால் நீங்கள் சீண்டியதாலோ, உணவை அலட்சியமாக வெளியே வைத்ததாலோ கரடி வந்திருக்கக் கூடாது. சுட்டதும் அரசுக்குத் தகவல் சொல்லி, தோலையும் மண்டை ஓட்டையும் ஒப்படைக்க வேண்டும்.

எனவே துப்பாக்கி சுட நல்ல பயிற்சி இல்லாதவர்களுக்கு ஸ்ப்ரேதான் முதல் சாய்ஸ். பைக்குள் வைக்காமல் இடுப்பிலேயே மாட்டிக்கொள்ளுங்கள். கூட்டமாக, சத்தமாகப் பேசிக்கொண்டே நடங்கள். நீங்கள் வருவது முன்கூட்டியே தெரிந்தால் பெரும்பாலும் கரடியே விலகிப் போய்விடும்.