12 பேர் படகில் 36 பேர்: சாத்தம், 1952

90 குதிரைத்திறன் என்பது இன்றைக்கு ஒரு சாதாரண ஹேட்ச்பேக் காரின் எஞ்சின். அதே 90 குதிரைத்திறனை வச்சுகிட்டு, 36 அடி நீள மரப்படகு ஒன்றில், 1952 பிப்ரவரி 18 ராத்திரி நாலு பேர் அட்லாண்டிக் புயலுக்குள் போனார்கள். அலைகள் 40 முதல் 60 அடி வரை இருந்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. போனது நாலு பேர், திரும்பி வந்தது 36 பேர்.

இந்தக் கதையை 'தி ஃபைனஸ்ட் ஹவர்ஸ்' என்று 2016ல் டிஸ்னி படமாக எடுத்தது, சிலர் பார்த்திருப்பீர்கள். படத்தில் வீரம் நிறைய இருக்கு. எனக்கு அதைவிட சுவாரசியமா பட்டது வேறு கேள்வி: இவ்வளவு சின்ன எஞ்சின், இவ்வளவு மெதுவான படகு, எப்படி மூழ்காமல் திரும்பியது?

ஒரே நாளில் உடைந்த இரண்டு கப்பல்கள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மடக்கிய கை மாதிரி கடலுக்குள் நீண்டிருக்கும் நிலம் கேப் காட். அதன் முழங்கை இருக்கும் இடத்தில் உள்ள ஊர் சாத்தம். அன்றைய புயலில் அந்தக் கரைக்கு அப்பால் இரண்டு எண்ணெய்க் கப்பல்கள் ஒரே நாளில் நடுவில் இரண்டாக உடைந்தன: ஃபோர்ட் மெர்சர், பெண்டில்டன்.

இரண்டுமே டி-2 வகை. இரண்டாம் உலகப்போர் அவசரத்தில் வெல்டிங் செய்து வேகவேகமாகக் கட்டப்பட்டவை. அந்தக் கால எஃகு கடும் குளிரில் வளைந்து கொடுக்காமல் கண்ணாடி மாதிரி விரிசல் விடும். ரிவெட் அடித்த கப்பலில் விரிசல் ஒரு தகட்டோட நின்றுவிட வாய்ப்பு உண்டு. வெல்டிங் செய்த கப்பலில் தகடுகள் எல்லாம் ஒரே துண்டு, அதனால் விரிசல் ஓடிக்கொண்டே இருக்கும். 1943 ஜனவரியில் ஸ்கெனெக்டடி என்ற இன்னொரு டி-2 கப்பல், போர்ட்லாந்து துறைமுகத்தில் சும்மா கட்டிக் கிடந்தபோதே உடைந்தது.

ஃபோர்ட் மெர்சரிலிருந்து அபாயச் செய்தி போனது. கடலோரக் காவல் படையின் பெரிய கப்பல்கள் அங்கே விரைந்தன. பெண்டில்டனிலிருந்து செய்தியே போகவில்லை. அதிகாலையில் உடைந்த கப்பலை பிற்பகலில்தான் சாத்தம் நிலைய ரேடார் காட்டிக்கொடுத்தது. முன்பாதியில் கேப்டனும் சேர்த்து 8 பேர். அவர்களில் யாரும் பிழைக்கவில்லை. எஞ்சின் இருந்த பின்பாதியில் 33 பேர், விளக்கெரியும் அரைக்கப்பலோடு மிதந்துகொண்டிருந்தார்கள். பெரிய கப்பல் எதுவும் பக்கத்தில் இல்லை. மிச்சம் இருந்தது சிஜி 36500 என்ற சின்னப் படகு.

23 வயது பெர்னார்ட் வெப்பர் படகோட்டி. கூட வந்தவர்கள் எஞ்சின் பார்க்கும் ஆண்ட்ரூ ஃபிட்ஸ்ஜெரால்ட், ரிச்சர்ட் லிவ்சி, எர்வின் மாஸ்கி. மாஸ்கி அந்த நிலையத்து ஆளே இல்லை. தன் கலங்கரைக் கப்பலுக்குப் போக வண்டி கிடைக்காமல் அங்கே தங்கியிருந்தவர், "நானும் வர்றேன்" என்று ஏறிக்கொண்டார்.

படகு என்ன செய்யும், என்ன செய்யாது

நீளம் 36 அடி 8 அங்குலம், அகலம் 10 அடி, எடை சுமார் 9 டன். அதில் கிட்டத்தட்ட ஒரு டன், அடிக்கட்டையில் பதித்த வெண்கலம். கவிழ்ந்தாலும் தஞ்சாவூர் பொம்மை மாதிரி தானாக நிமிரும். மேல்தளத்தில் விழுந்த தண்ணீர் தானாக வடியும். வேகம் மட்டும் கம்மி, மணிக்கு சுமார் 16 கிலோமீட்டர்தான்.

அதாவது, 'அலை நம்மைக் கட்டாயம் அடிக்கும், அடிச்ச பிறகு என்ன ஆகணும்?' என்ற கேள்விக்கான விடையாகவே வடிவமைத்திருக்கிறார்கள். சாஃப்ட்வேரிலும் நாங்கள் இதைத்தான் கேட்போம்: சர்வர் விழாமல் இருக்குமா என்பதைவிட, விழுந்தா எப்படி எழுந்திருக்கும்?

ஆனா ஒரு ஓட்டை இருந்தது. பெட்ரோல் எஞ்சின். படகு ரொம்ப சாய்ந்தால் கார்புரேட்டருக்கு எரிபொருள் போவது தடைபட்டு எஞ்சின் நின்றுவிடும். படகு தானாக நிமிரும், எஞ்சின் தானாக எழாது.

மணல்திட்டு

சாத்தம் துறைமுகத்திலிருந்து திறந்த கடலுக்குப் போக ஒரு மணல்திட்டைத் தாண்ட வேண்டும். ஆழ்கடலில் உயரமான அலையும் பெரும்பாலும் நீளமான மேடு பள்ளம்தான். சின்னப் படகு ஏறி இறங்கிவிடும். ஆழம் குறையும் இடத்தில் அலையின் வேகம் குறைகிறது, பின்னால் வருவது நெருக்குகிறது, உயரம் கூடி முகம் செங்குத்தாகிறது. அலையின் உயரம் தண்ணீர் ஆழத்தில் முக்கால் பங்கை நெருங்கும்போது உடைந்து விழும். படகைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இந்த உடையும் அலைதான்.

உடையும் அலையை முன்மூக்கால் (நம்ம மீனவர்கள் அணியம் என்பார்கள்) வாங்க வேண்டும், பக்கவாட்டில் வாங்கினால் உருட்டிவிடும். ரொம்ப வேகமாகப் போனால் முகட்டிலிருந்து படகு அந்தரத்தில் பறந்து அடுத்த பள்ளத்தில் 'டமார்'னு விழும். ரொம்ப மெதுவாகப் போனால் சுக்கான் பிடிக்காது, அலை மூக்கைத் திருப்பிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளிதான், அதுவும் ஒவ்வொரு அலைக்கும் மாறும்.

வெப்பரின் படகு திட்டில் ஏறியதும் முதல் அலைகளிலேயே முன்கண்ணாடி உடைந்து அவர்மேல் கொட்டியது. திசைகாட்டி பிய்த்துக்கொண்டு போனது. படகு கிட்டத்தட்ட படுத்தே விட்டது. பயந்தபடியே எஞ்சின் நின்றது. அடுத்த அலை வருவதற்குள் மூக்கைத் திருப்ப வேறு வழியே இல்லை. ஃபிட்ஸ்ஜெரால்ட் அந்தக் குறுகிய எஞ்சின் அறைக்குள் தவழ்ந்துபோய், கொதிக்கும் எஞ்சினில் உடம்பைச் சுட்டுக்கொண்டு, மறுபடி கிளப்பினார். படம் பார்த்தவர்களுக்கு வெப்பர் ஞாபகம் இருப்பார். எனக்கு என்னவோ அந்த ராத்திரியின் முதல் திருப்பம் ஃபிட்ஸ்ஜெரால்டின் கையில் இருந்தது என்றே தோன்றுகிறது.

ஏணியும் டைனி மையர்ஸும்

திசைகாட்டி இல்லாமல், பனிப்பொழிவில், தேடுவிளக்கை வைத்துத் தடவி பின்பாதியைக் கண்டுபிடித்தார்கள். மேலிருந்து கயிற்றேணியை வீசினார்கள். கப்பல் உருளும்போதெல்லாம் ஏணி வெளியே ஊசலாடி, திரும்பி வந்து இரும்புச் சுவரில் மோதியது.

வெப்பர் படகை ஓரிடத்தில் நிறுத்த முயலவில்லை. அது நடக்கிற காரியமும் இல்லை. நெருங்குவது, ஒருவரை வாங்கிக்கொள்வது, விலகுவது, மறுபடி நெருங்குவது. முன்னும் பின்னும் த்ராட்டில் வேலைதான். இப்படியே 32 பேர். அந்தப் படகு சுமார் 12 பேருக்கானது.

கடைசியாக இறங்கியவர்களில் ஒருவர் ஜார்ஜ் மையர்ஸ். ரொம்பப் பருத்த உடம்பு, அதனாலேயே பட்டப்பெயர் 'டைனி'. அவர் குறி தவறித் தண்ணீரில் விழுந்தார். அவரை எடுக்க வெப்பர் படகை நகர்த்தியபோது ஒரு அலை படகைத் தூக்கிக் கப்பல்மேல் எறிந்தது. எஞ்சினைப் பின்னோக்கி இயக்கியும் பலனில்லை. கப்பலுக்கும் படகுக்கும் நடுவே மையர்ஸ் நசுங்கினார். 9 டன் எடையை 90 குதிரைத்திறனால் நொடியில் நிறுத்த முடியாது. வெப்பர் 2009ல் இறந்தார். மையர்ஸை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

திரும்பும் வழி

எதிரலையைவிட ஆபத்து, பின்னாலிருந்து துரத்தும் அலை. சுக்கான் வேலை செய்ய அதைத் தாண்டித் தண்ணீர் ஓட வேண்டும். அலைமுகட்டில் உள்ள தண்ணீர் படகு போகும் திசையிலேயே ஓடுவதால், படகோடு ஒப்பிட்டால் சுக்கானைச் சுற்றித் தண்ணீர் கிட்டத்தட்ட நிற்கிறது. சக்கரத்தைத் திருப்பினாலும் பிடிக்காது. அதே நேரம் மூக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் குத்துகிறது, பின்பக்கத்தை அலை தள்ளுகிறது. படகு சுழன்று பக்கவாட்டில் நிற்கும். அடுத்த அலை கவிழ்க்கும்.

இதற்கு மருந்து: அலையின் முதுகில் உட்கார்ந்து அதன் வேகத்திலேயே போக வேண்டும், முகட்டைத் தாண்டி முன்னால் சறுக்கக் கூடாது. சறுக்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். பின்பக்கம் திரும்ப ஆரம்பித்தால் மட்டும் ஒரு நொடி த்ராட்டிலைக் கூட்டி, விசிறி தள்ளும் தண்ணீரைச் சுக்கான் மேல் பாய்ச்சி நேராக்க வேண்டும்.

36 பேர் பாரத்தில் அமிழ்ந்து கிடந்த படகில் இதைத்தான் செய்ய வேண்டியிருந்தது. ரேடியோவில் ஆளாளுக்கு யோசனை: வெளியே இருக்கும் பெரிய கப்பலுக்கு ஆட்களை மாற்றலாமே என்று. மையர்ஸுக்கு நடந்ததைப் பார்த்த கண்ணுக்கு அது எப்படிப்பட்ட யோசனை என்று புரிந்திருக்கும். வெப்பர் ரேடியோவை அணைத்தார். காற்றையும் அலையையும் முதுகில் வாங்கிக்கொண்டு கரைநோக்கிப் போவது, மணலில் மூக்கை முட்டி வைத்துக்கொண்டு ஆட்களை இறக்கிவிடுவது என்பதே அவர் திட்டம். ஆனா சற்று நேரத்தில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கியது. துறைமுகத்துக்குள் திரும்பும் இடத்தில் உள்ள மிதவை விளக்கு அது. சாத்தம் மீன்துறையில் ஊரே காத்திருந்தது.

வெப்பருக்குத் தங்கப் பதக்கம், மற்ற மூவருக்கு வெள்ளி என்று முதலில் பேச்சு எழுந்தது. எல்லோருக்கும் ஒன்றே, இல்லாவிட்டால் எனக்கும் வேண்டாம் என்றார் வெப்பர். மே மாதம் நாலு பேருக்கும் தங்கம்.

பெரிய எஞ்சின் வந்த பிறகு

1960களில் இதன் இடத்துக்கு 44 அடி எஃகுப் படகு வந்தது: இரட்டை டீசல் எஞ்சின், ஒன்று நின்றாலும் இன்னொன்று ஓடும். 1990களில் 47 அடி அலுமினியப் படகு, தலா 435 குதிரைத்திறனில் இரண்டு எஞ்சின். 36500ன் ஓட்டை அடைபட்டது. ஆனா கொலம்பியா ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் அமெரிக்க உயிர்காப்புப் படகுப் பள்ளியில் இன்றும் உடையும் அலைகளுக்கு நடுவில்தான் பயிற்சி. குதிரைத்திறன் கூடினாலும் எந்த அலைக்கு எவ்வளவு என்பதைக் கைதான் முடிவு செய்ய வேண்டும். தப்பான நேரத்தில் கொடுத்தால், கூடுதல் சக்தி படகை இன்னும் சீக்கிரமாகப் பள்ளத்தில் குத்தவைக்கும்.

சொந்தமாகவோ வாடகைக்கோ சின்ன மோட்டார் படகு ஓட்டுபவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வெப்பரின் துணிச்சலை அல்ல. அவருக்குப் போக உத்தரவு இருந்தது, தானே நிமிரும் படகு இருந்தது, எஞ்சினுக்கென்று ஒரு ஆள் இருந்தார். நமக்கு இந்த மூணும் கிடையாது. முகத்துவாரத்தில் அலை உடைவது கண்ணில் பட்டால் கரையிலேயே இருந்துவிடுவது உத்தமம். நடுக்கடலில் மாட்டிக்கொண்டால், பாரத்தைக் கீழேயும் நடுவிலும் வைத்து, கையை த்ராட்டிலிலிருந்து எடுக்காமல், ஒவ்வொரு அலையாகப் பார்க்க வேண்டும்.

36500 படகு 1968ல் ஓய்வு பெற்று, வெயிலிலும் மழையிலும் உளுத்துக் கிடந்தது. 1981ல் பக்கத்து ஊரான ஆர்லியன்ஸின் வரலாற்றுச் சங்கத்தார் அதை வாங்கிப் பழுதுபார்த்துத் தண்ணீரில் இறக்கினார்கள். இன்றும் மிதக்கிறது. அதற்குள் 36 பேர் எங்கே நின்றிருப்பார்கள் என்று படத்தைப் பார்த்து எண்ணிப் பார்த்தேன். கணக்கு வரவில்லை.