பூமிக்குள்ளே 3.2 கிலோமீட்டர்

எங்கள் அபார்ட்மென்டுக்குப் பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். வைட்ஃபீல்டில் இது அதிசயமில்லை. பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மகள் கேட்டாள்: "அப்பா, இப்படியே நேரா தோண்டிக்கிட்டே போனா அமெரிக்கா வந்துருமா?"

வராது. பூமியின் மையம் வழியாக 12,742 கிலோமீட்டர் தோண்டி வெளியே வந்தால், பெரு நாட்டுக்கு மேற்கே பசிபிக் கடலில் இருப்போம். நீச்சல் தெரிந்திருப்பது நல்லது!

காற்றில்லாத அப்படியொரு சுரங்கத்தில் குதித்தால் மறுமுனைக்குப் போக 42 நிமிடம் ஆகும் என்பது கல்லூரி இயற்பியல் கணக்கு. பூமி முழுக்க ஒரே அடர்த்தி என்று வைத்துக்கொண்டு போட்டது. உள்ளே போகப்போக அடர்த்தி கூடுவதையும் சேர்த்தால் 38 நிமிடம்தான். வைட்ஃபீல்டிலிருந்து மெஜஸ்டிக் போக இதைவிட அதிக நேரம் ஆகிறது.

கணக்கு சரி, யாராவது தோண்டிப் பார்த்தார்களா? ரஷ்யாவில் கோலா தீபகற்பத்தில் 1989-ல் 12,262 மீட்டர் வரை துளைத்தார்கள். உள்ளே 180 டிகிரி வெப்பம், அதோடு நின்றது. ஆனால் அது ஒரு சாண் அகலத் துளை. ஆள் இறங்க முடியாது.

ஆள் இறங்கிய ஆழத்தைப் பார்க்க ரஷ்யா வரை போக வேண்டாம். வைட்ஃபீல்ட் ஸ்டேஷனிலிருந்து மாலூர், பங்காரப்பேட்டை வழியாக மாரிகுப்பம் போகும் ரயிலில் ஏறினால் போதும். கோலார் தங்கவயல், அதாவது கேஜிஎஃப்.

1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனி இங்கே வந்தது. மண்ணைத் தோண்ட வந்தவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள். வட ஆற்காடு, சேலம் பக்கத்துக் கிராமங்களில் சொந்த நிலமும் மரியாதையும் இல்லாமல் இருந்த ஒடுக்கப்பட்ட மக்கள். லைன் வீடுகளில் குடியிருந்துகொண்டு, தலைமுறை தலைமுறையாகக் கீழே இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3.2 கிலோமீட்டர் ஆழத்தைத் தொட்டது. அங்கே பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கு மேல். மேலிருக்கும் மலையளவு பாறையின் அழுத்தம் தாங்காமல் சுவர்கள் திடீரென வெடித்துச் சிதறும். தப்பித்தவர்களிலும் பலருக்கு பாறைத்தூள் நுரையீரலைத் தின்றது.

இத்தனை பாடுபட்டும் பூமியின் குறுக்களவில் இது நாலாயிரத்தில் ஒரு பங்குதான். வைட்ஃபீல்டிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், தன் நான்கு பெட்டி நீளம்கூட நகராமல் நின்றுவிட்டது போல.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மும்பை டாடா ஆராய்ச்சிக் கழகத்தின் (டிஐஎஃப்ஆர்) ஸ்ரீகண்டன், எம்.ஜி.கே. மேனன் போன்றவர்கள் விண்வெளியிலிருந்து வரும் துகள்களை ஆராய 1950-களிலிருந்தே இந்தச் சுரங்கத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். கீழே போகப்போக, மேலிருந்து வரும் துகள்களைப் பாறை வடிகட்டிவிடும். 1965-ல், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து கருவிகளைச் சுவர் மாதிரி நிறுத்திவைத்தார்கள். பக்கவாட்டிலோ கீழிருந்தோ ஒரு துகள் வந்தால், அது பாறையைத் துளைத்து வந்த நியூட்ரினோ உண்டாக்கியதாகத்தான் இருக்க வேண்டும். வந்தது! காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை உலகில் முதன்முதலில் பதிவு செய்த இடங்களில் கேஜிஎஃப்பும் ஒன்று. அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவில் இன்னொரு தங்கச் சுரங்கத்திலும் பதிவானது.

நியூட்ரினோவுக்கு பூமியைக் கடக்க சுரங்கமே வேண்டாம். நமக்கு 42 நிமிடம் என்றால் அதற்கு 42 மில்லி செகண்டு.

விஞ்ஞானிகளின் பெயர் அந்த ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. அந்த ஆழத்தை வெட்டிக் கொடுத்தவர்களின் பெயர் எங்கேயும் இல்லை. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். தண்ணீர் இறைப்பதும் நின்றதால் அந்த ஆழமெல்லாம் இப்போது முழுகிக் கிடக்கிறது. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்து, இரவில் வீடு திரும்புகிறார்கள்.

எங்கள் அபார்ட்மென்டில் லிஃப்ட் பழுது பார்க்க வருபவரும் கேஜிஎஃப்காரர்தான். ஒருநாள் லிஃப்ட் ஐந்தாவது மாடியில் நின்றுபோய் நாங்களெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தோம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்கப்பா இறங்கின ஆழத்துக்கு இதெல்லாம் ஒரு உயரமா சார்?"

மகளிடம் சொல்லியிருக்கிறேன், அடுத்த தடவை அவர் வரும்போது அந்தக் கேள்வியை அவரிடமே கேட்கச் சொல்லி. பிழைப்பு தேடி இந்த ஊருக்கு முதலில் வந்த தமிழர்கள் நாம் இல்லை என்பது அவளுக்கும் தெரியட்டும்.