ஆப்பும் கொட்டாப்புளியும்

போன ஞாயிறு கங்கைகொண்ட சோழபுரம் போயிருந்தேன். கூட வந்தவன் என் பழைய மாணவன். கடற்படையில் பணி முடித்து ஊர் திரும்பியவன். பொன்னேரிக் கரையில் நின்றபோது, "இராசேந்திரன் காலத்துக் கப்பலில் ஓட்டை விழுந்தால் என்னடா செய்திருப்பார்கள்?" என்றேன்.

"இப்ப நாங்க செய்யறதுதான் சார். ஆப்பு அடிப்போம்."

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

1025ஆம் ஆண்டையொட்டி நடந்த கடாரப் படையெடுப்பில் வென்ற ஊர்களைத் தஞ்சைக் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. ஒழுகல் அடைத்தவனைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அந்தக் காலத்தில் இந்தியப் பெருங்கடலில் கயிற்றால் தைத்த பலகைக் கப்பல்கள் ஓடின. 2025 மே மாதம் கார்வாரில் நம் கடற்படை ஏற்றுக்கொண்ட 'கௌண்டின்யா' அப்படிக் கட்டியதுதான்: தேங்காய் நார், கயிறு, இயற்கைப் பிசின்.

போர்க்கப்பல் இரும்பு ஆயிற்றே, மரம் எதற்கு? அவன் விளக்கினான். மென்மரம் ஓட்டையின் கோணல் விளிம்புக்கு ஏற்ப நசுங்கிக் கொடுக்கும், நனைந்தால் ஊதி இறுகும். துணி சுற்றி, கொட்டாப்புளியால் அடிக்க வேண்டும். குண்டு பட்டால் தகடு உட்பக்கமாகப் பிய்ந்து நிற்கும். அங்கே ஆப்பு நிற்காது. பெட்டி போல ஒன்றைக் கவிழ்த்து, மெத்தை வைத்து, மரத்தால் முட்டுக் கொடுக்க வேண்டும். சாய்ந்த சுவருக்கு நாம் கொடுக்கும் அதே முட்டு.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன் (பழக்கம் விடுமா?). நீர்மட்டத்துக்கு 3 மீட்டர் கீழே 10 செ.மீ. அகல ஓட்டை என்றால், நிமிடத்துக்கு 2 டன் தண்ணீர் உள்ளே வரும். ஆனால் அதை மூடிப் பிடிக்கத் தேவையான விசை 24 கிலோ எடைதான். ஒரு ஆள் தாங்கலாம். ஆப்பின் இரகசியம் இதுதான்.

வெளியிலிருந்து அடைத்தால் இன்னும் நல்லது, தண்ணீரே அடைப்பை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். 1770இல் ஆஸ்திரேலியக் கரையோரப் பவளப்பாறையில் மோதிய குக்கின் 'எண்டவர்' அப்படித்தான் தப்பியது. பாயில் கம்பளியும் நாரும் சாணமும் அப்பிக் கப்பலுக்கு அடியில் இழுத்தார்கள். நம் ஏரிக்கரையில் நண்டு வளை ஒழுகினால் தண்ணீர்ப் பக்கமாக வைக்கோல் பிரியும் களிமண்ணும் திணிப்பார்களே, அதேதான்.

எல்லா இடத்திலும் ஆப்பு காப்பாற்றாது. 1971 டிசம்பர் 9 இரவு, டையூ அருகே நீர்மூழ்கி எறிகணை பட்டு 'குக்ரி' சில நிமிடங்களில் மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள், கேப்டன் முல்லா உட்பட. அங்கே அடைக்க நேரமே இல்லை.

லோனாவாலா பயிற்சியில், விளக்கணைத்த அறையில் மார்பளவு தண்ணீரில் இவன் கொட்டாப்புளியை நழுவவிட்டானாம். "இன்னொருத்தன் தேடி எடுக்கிற வரைக்கும் ஆப்பைக் கையால அழுத்திக்கிட்டே நின்னேன் சார்."

அவன் அம்மாவுக்கு இது இன்றுவரை தெரியாது. படிப்பவர்கள் யாரும் சொல்லிவிடாதீர்கள்.