பனைமரக் கூரை: வெட்டுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

கிளிநொச்சியில் ஒரு மரக்காலை. பனைமரக் குற்றியொன்றை அறுக்க எடுத்த ஐயா, அதைச் சுற்றிச் சுற்றி வந்து கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன தேடுகிறார் என்று கேட்டேன். "எங்கட மரங்களுக்குள்ள இரும்பு இருக்குது தம்பி. வாள் பல்லு போச்செண்டா அண்டைய உழைப்பு முடிஞ்சுது" என்றார். அவர் இரும்பு என்று சொன்னது செல் துண்டை.

போருக்குப் பின் வீடு கட்டிய எல்லோருக்கும் கூரை மரம் தேடி அலைந்த கதை ஒன்று இருக்கும். இந்திய உதவி வீட்டுத்திட்டத்தில் வீடொன்றுக்கு 550,000 ரூபா, தவணை தவணையாகக் கிடைத்தது. சுவர் எழும்பிய பின் கூரைக்குக் கடன்பட்ட குடும்பங்கள் பல. 2016 இல் 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் என்ற திட்டம் வந்தபோது, எங்கள் வெயிலுக்கு அவை ஒத்துவராது, செலவும் அதிகம் என்று எதிர்ப்பு எழுந்தது. எங்களிடமே உள்ள பொருட்களால் கட்ட முடியாதா என்ற கேள்வியும் அப்போது பலமாகக் கேட்டது. அந்தக் கேள்விக்கு முதலில் நினைவுக்கு வருவது பனைதான். ஆனால் பனை எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் கோடரியைத் தூக்கக் கூடாது.

பலம் வெளியில், சோறு உள்ளே

தேக்கு, பாலை போன்ற மரங்களின் வைரம் நடுவில் இருக்கும். பனையில் அது மறுபக்கம். கறுத்த நார்கள் நெருங்கிய வெளிவளையமே வைரம். நடுவில் இருப்பது மென்மையான சோறு. அதனால்தான் பழைய தச்சர்கள் மரத்தை ஆப்பு வைத்து நீளவாக்கில் பிளந்து, உட்சோற்றை வாச்சியால் செதுக்கி எறிந்துவிட்டு, வெளிப்பகுதியை மட்டும் வளையாகவும் சிலாகையாகவும் எடுத்தார்கள். சோறு சேர்ந்த துண்டை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் பூச்சி அரிக்கும்.

அடிமரம் நுனிமரத்தை விட உறுதியானது. இளம் மரத்தில் வைரம் மெல்லியதாக இருக்கும். முதிர்ந்த மரமே கூரைக்கு உதவும். ஆணி நேரே இறங்காது, முதலில் துளை போட வேண்டும். நன்கு முதிர்ந்த வைரத்தைக் கறையான் இலகுவில் தொடாது, ஆனால் மழை ஒழுக்கு அதற்கும் எதிரி. யாழ்ப்பாணத்தின் பழைய நாற்சார் வீடுகளில் நூறு வருடம் தாண்டிய பனை வளைகள் இன்றும் ஓட்டைத் தாங்கி நிற்கின்றன. ஒல்லாந்தர் காலத்தில் இந்த மரம் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியிடங்களுக்குக் கப்பலேறியது. கிணற்றுத் துலாவும் தண்ணீர்ப் பீலியும் இதே மரந்தான்.

இன்று பல வீடுகளின் மேல் இருப்பது அஸ்பெஸ்டஸ் சீற். எல்லா வகை அஸ்பெஸ்டசும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சீற்றை அறுக்கும்போதும் உடைக்கும்போதும் எழும் தூசுதான் கூடுதல் ஆபத்து. பனஞ்சிலாகையும் ஓடும் போட்ட கூரை, வெப்பத்துக்கும் உடல்நலத்துக்கும் அதைவிட மேல்.

தலை போன மரம்

பனைக்கு ஒரேயொரு குருத்து. அது போனால் பக்கத்தில் கிளை வராது, மரம் பட்டுப்போகும். செல் விழுந்து தலையிழந்த பனைகள் கரிய தூண்களாக நின்றதை எங்கள் தலைமுறை பார்த்திருக்கிறது. மறுபக்கம் இராணுவக் காவலரண்களுக்கும் இயக்கத்தின் பங்கர்களுக்கும், செல்லடிக்குப் பயந்து குடும்பங்கள் வெட்டிய பதுங்கு குழிகளுக்கும் பனங்குற்றிகளே மூடியாயின. அந்தக் குற்றிகளுக்குக் கீழே இருந்து உயிர் தப்பியவர்கள் இதை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள். எங்களைக் காத்த மரத்தைத்தான் அதிகமாக இழந்தோம். விடுவிக்கப்பட்ட காணிக்குத் திரும்பியவர்கள் பலருக்கு வீடும் இல்லை, எல்லையில் நின்ற பனையும் இல்லை.

ஆகவே இது அள்ள அள்ளக் குறையாத வளம் அல்ல. பெண்பனையை வெட்டுவதற்கு அனுமதி வேண்டும்; 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரங்கள் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலாவோடு பெண்பனையையும் சேர்த்திருக்கிறது. கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இது அலைச்சல்தான். ஆனால் வெட்டும் ஒவ்வொரு பனையோடும் ஒரு சீவல் தொழிலாளியின் கள்ளும் கருப்பணியும், பாய் பின்னும் ஒரு பெண்ணின் ஓலையும் போகின்றன.

வெட்டாமல் எடுப்பது

நிலைத்து நிற்கும் பொருள் என்று பனையைச் சொல்வதானால், அது ஓலைக்கும் தும்புக்கும் மட்டையாலான வேலிக்கும்தான் முழுமையாகப் பொருந்தும். மரம் நிற்கும்போதே வருடாவருடம் கிடைப்பவை இவை. மட்டையின் அடிப்பகுதியில் எடுக்கும் தும்பு தூரிகைக்கும் விளக்குமாற்றுக்கும் போகிறது. 1978 இல் உருவான பனை அபிவிருத்திச் சபையும் கைதடியிலுள்ள அதன் ஆராய்ச்சி நிறுவனமும் பெரும்பாலும் உணவு, பானம், கைப்பணி என்ற வழியில்தான் கவனம் வைத்தன. பனைமரத்தைக் கட்டடப் பொருளாக எப்படித் தரம் பிரிப்பது, எந்த வயதில் எடுப்பது, எடுத்ததற்குப் பதில் எத்தனை விதை போடுவது என்ற கணக்கு வீடு கட்டுபவரின் கைக்கு வரவேண்டும்.

என் யோசனை எளியது. தானாக விழுந்ததும் பட்டுப்போவதுமான முதிர்ந்த மரங்களை முதலில் பயன்படுத்துவோம். அவற்றையும் சுவருக்கோ வேலித்தூணுக்கோ வீணாக்காமல் வளைக்கும் சிலாகைக்கும் வைப்போம். றீப்பைக்கு வேறு மரம் போதும். நிற்கும் பெண்பனையைக் கடைசியாகவே தொடுவோம்.

நடுவதற்குப் பெரிய செலவில்லை. பனை முளைக்கும்போது முதலில் நிலத்துக்குள் ஆழமாக இறங்கும். அதுதான் நாம் அவித்துத் தின்னும் கிழங்கு. அதனால் கன்றைப் பிடுங்கி நடுவது கடினம், நிற்க வேண்டிய இடத்திலேயே விதையைப் புதைக்க வேண்டும். ஆவணியில் பழம் விழும், அதன் பின் மழை வரும். கிழங்குப் பாத்திக்கு வைப்பதில் பத்து விதையை எல்லையோரம் தாழ்த்தினால் போதும். வடலி எழும்பும்வரை ஆடுமாட்டிலிருந்தும் நெருப்பிலிருந்தும் காக்க வேண்டும்.

அந்த விதை கூரைமரமாவதை நான் காணப்போவதில்லை. மரக்காலை ஐயாவும் காணப்போவதில்லை. அன்று அவருடைய வாளில் ஏறிய மரத்தை நட்டவரும் அதைக் கண்டிருக்க மாட்டார்.