இயக்குநர் பிறந்த கதை

ஏழு அண்ணன் தம்பிகள் அப்பாவின் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டதில் உண்டான நாடு சாக்ஸ்-மைனிங்கன். ஜெர்மனியின் துரிங்கியாப் பகுதியில் 1680இல் நடந்த பாகப்பிரிவினை அது. பெர்ன்ஹார்ட் என்ற பிள்ளைக்கு வெர்ரா ஆற்றங்கரையில் மைனிங்கன் ஊரும் அதன் சுற்றுவட்டாரமும் கிடைத்தன. 1871இல்கூட அங்கே மக்கள்தொகை இரண்டு லட்சத்தைத் தொடவில்லை. மேடையில் நிகழும் அனைத்துக்கும் பொறுப்பேற்கும் இயக்குநர் என்ற ஆள் உருவானது அந்தக் குடும்பத்தில்தான் என்பேன்.

1866 போரில் கோமகன் இரண்டாம் பெர்ன்ஹார்ட் ஆஸ்திரியாவின் பக்கம் நின்றார். வென்ற பிரஷ்யா அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. மகன் இரண்டாம் கியோர்க் பட்டத்துக்கு வந்தார். அவர் முறையாக ஓவியம் பயின்றவர், நாடகமென்றால் உயிர். அரசவை அரங்கில் ஓபராவை நிறுத்தி, அந்தப் பணத்தையும் நாடகத்துக்கே கொடுத்தார்.

அன்றைய ஐரோப்பிய மேடையில் பெயர்பெற்ற நடிகர் நட்டநடுவில் நின்று வசனம் பேசுவார். பின்னால் நிற்கும் கூட்டம் பெரும்பாலும் கூலிக்கு வந்த ஆட்கள். கியோர்க் கை வைத்தது அந்தக் கூட்டத்தில். அதைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தேர்ந்த நடிகர் ஒருவரைத் தலைவராக்கினார். இன்று கதாநாயகனாக நடித்தவர் நாளை கூட்டத்தில் ஒருவராக நிற்க வேண்டும். முடியாது என்று சொல்ல இடமில்லை. யார் எந்தப் படியில் நிற்பது, ஈட்டி எந்தப் பக்கம் சாய்வது என்பதையெல்லாம் கோமகனே வரைந்து காட்டினார். உடை அந்தந்தக் காலத்துக்குப் பொருந்த வேண்டும். அந்த உடையோடும் கவசத்தோடும்தான் ஒத்திகையே.

ஒத்திகையைக் கண்டிப்போடு நடத்தியவர் லுட்விக் குரோனெக், நகைச்சுவை நடிகராக அங்கே வந்தவர். வசன உச்சரிப்பைச் செம்மையாக்கியவர் நடிகை எல்லன் ஃப்ரான்ஸ். 1873இல் கோமகன் அவரை மணந்தபோது பெர்லின் அரச குடும்பம் முகம் சுளித்தது. கியோர்க் பொருட்படுத்தவில்லை. இந்தக் கதையில் எல்லனுக்கு உரிய இடம் இன்னும் முழுதாகத் தரப்படவில்லை என்பது என் எண்ணம்.

1874 மே 1 அன்று பெர்லினில் குழு 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தை ஆடியது. சீசரின் பிணத்தருகே ஆண்டனி பேசப் பேச, கூட்டம் முதலில் முணுமுணுத்து, பிறகு தயங்கி, கடைசியில் கொந்தளித்தது. அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தனி முகம் இருந்ததைப் பெர்லின் பார்த்தது. அதன்பின் 1890 வரை லண்டன், பிரஸ்ஸல்ஸ், மாஸ்கோ என்று ஊர் ஊராக 2,500க்கும் மேற்பட்ட காட்சிகள். 1888இல் பிரஸ்ஸல்ஸில் பார்த்த பிரெஞ்சு நாடகக்காரர் ஆந்த்ரே அந்துவான் வியந்து எழுதினார். 1890இல் மாஸ்கோவில் பார்த்த இளைஞர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, குரோனெக்கைப் போலவே தாமும் நடிகர்களை அதட்டி வேலை வாங்கியதைப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். அந்தக் காட்சிகளைப் பார்த்த எட்டே ஆண்டுகளில் அவர் இணைந்து நிறுவிய மாஸ்கோ கலை அரங்கம் பிறந்தது.

கியோர்க் 1914இல் இறந்தார். 1918இல் அவர் மகன் முடிதுறந்ததோடு ஆட்சியும் முடிந்தது. குழு ஊர் ஊராகத் தூக்கிச் சென்ற ஓவியத் திரைகள் மட்டும், மைனிங்கன் அரண்மனையின் பழைய குதிரைப் பயிற்சிக் கூடத்தில் மாற்றி மாற்றி இன்றும் தொங்கவிடப்படுகின்றன.