பெத்லகேம் குறவஞ்சி

பெத்லகேம் குறவஞ்சி (1800) தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய கிறித்தவச் சிற்றிலக்கியம். தனியே வாசித்து மூடிவைக்கும் நூலன்று. சபையில் கதாகாலட்சேபமாகப் பாடி, இடையிடையே பொருள் விளக்குவதற்குரியது. இங்கிலாந்தில் டிக்கன்ஸ் தம் கிறிஸ்துமஸ் கதையைப் பொதுமேடையில் முதன்முதலாக வாசித்தது 1853-இல்தான்.

திருக்குற்றாலக் குறவஞ்சியின் அமைப்பே இங்கும் உள்ளது. ஆனால் பெத்லகேம் நாதர்மீது காதல் கொள்ளும் தலைவி திருச்சபை. குறி சொல்லும் சிங்கி விசுவாசம். பறவை பிடிக்கும் சிங்கனும் உருவகமே. குறத்தி கதை கேட்டுப் பழகிய செவிகளுக்கு இந்த உருவகம் அந்நியமாகத் தோன்றியிராது.

சாஸ்திரியார் சுவார்ட்ஸ் பாதிரியாரின் மாணவர். பின்வந்த மிஷனரிகளோ உள்ளூர் இசையையும் வழக்கங்களையும் ஐயத்துடன் நோக்கினர். சாதி வேறுபாட்டையும் கண்டித்தனர். சாஸ்திரியார் இரண்டிலும் அவர்களோடு முரண்பட்டார். காலட்சேபத்தை அவர் வழித்தோன்றல்கள் தலைமுறைகளாகத் தொடர்ந்தனர்.